அந்தமான் கடலைப் பார்க்கப் போகிறீர்களா? கப்பல் சீட்டிலிருந்து பவளப்பாறை வரை ஒரு வழிகாட்டி

அந்தமானுக்கு டூர் பேக்கேஜ் விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் "எனக்குச் செல்லுலார் ஜெயிலும் சூரிய அஸ்தமனமும் போதாது; கடலுக்குள் இருக்கும் உயிர்களையும் கடல்மேல் பறக்கும் பறவைகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எந்தத் தேதியில் போவது, எந்தக் காகிதம் எங்கே வேண்டும், எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது என்பதெல்லாம் ஒரே இடத்தில் எங்கும் இல்லை. ஒவ்வொரு கவுன்டராக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நீச்சல் தெரியாதவர்களும் இதில் முக்கால்வாசியைச் செய்யலாம். பறவைகளைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் வரலாம். சென்னையிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். விலைகளெல்லாம் திட்டம் போடுவதற்கான உத்தேசக் கணக்குதான். பதிவு செய்யும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் நிலவைப் பாருங்கள், அப்புறம் லீவு போடுங்கள்

எல்லோரும் விமானக் கட்டணத்தைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். கடலுயிர்களைப் பார்க்கப் போகிறவர் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். வற்றும்போது மற்ற நாட்களில் நீருக்கடியில் இருக்கும் பாறைத் தளங்கள் வெளியே வரும். செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தே பவளத்தையும் கடல் அட்டையையும் பார்க்கலாம். ஆனால் அதே நாட்களில் நீரோட்டமும் வேகமாக இருக்கும், நீர் கலங்கலாம். முதன்முதலாக ஸ்கூபா (காற்றுக் கலனோடு நீருக்கடியில் முழுகுவது) கற்கிறவருக்கு அது நல்ல நேரமில்லை. அவருக்கு அரைநிலவு நாட்கள்தான் சௌகரியம்.

ஆகவே திட்டம் இப்படி அமைய வேண்டும்: அமாவாசை அல்லது பௌர்ணமி அன்றோ அதற்கு அடுத்த ஓரிரு நாளிலோ நீல் தீவில் கரை நடை. அதிலிருந்து ஐந்தாறு நாள் கழித்து ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங். இந்த இரண்டையும் முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, மற்றதை எல்லாம் சுற்றிலும் அடுக்குங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்லது. மே முதல் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் புயல் பயம். டிசம்பரில் கூட்டமும் விலையும் கூடும். ஆமை முட்டையிடுவதையும் பார்க்க வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியை விட்டால் வேறு பொருத்தமான நேரம் இல்லை.

கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் போர்ட் பிளேருக்குத் தனிப் பக்கம் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் தளத்தில் அலை எச்சரிக்கைகளைப் பார்க்கலாம். வற்றம், அதாவது கடல் வற்றும் நேரம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இதை மறக்காதீர்கள். இன்று மூன்று மணிக்கு வற்றியது, நாளை மறுநாள் ஐந்து மணியை நெருங்கும். அப்போது அங்கே இருட்டத் தொடங்கிவிடும். இந்திய நேரத்தையே பின்பற்றும் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால், ஜனவரியில் மாலை ஐந்தேகால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

2. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், வடக்கே உள்ள டிக்லிபூர் போகத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால் அடையாள அட்டையை நாள்தோறும் எங்காவது காட்ட வேண்டியிருக்கும். ஆதாரோ வாக்காளர் அட்டையோ அசலாக வைத்திருங்கள். அதோடு நகல் குறைந்தது ஆறு. கப்பல், தேசியப் பூங்கா அனுமதி, டிக்லிபூர் சாலைச் சோதனைச்சாவடி, சில விடுதிகள் என்று நகல் வாங்கிக்கொள்ளும் இடங்கள் பல. தீவுகளில் ஜெராக்ஸ் கடையைத் தேடி ஓடினால் அரை நாள் போய்விடும். குழந்தைகளுக்கும் ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெயர்கள் மாறியிருக்கின்றன. ஹேவ்லாக் 2018-இல் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷாஹீத் தீவு ஆனது. போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். படகுச் சீட்டில் புதுப் பெயரும் விடுதிக்காரர் வாயில் பழைய பெயரும் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரிந்திருந்தால் தவறான தேதிக்கோ துறைக்கோ பதிவு செய்யாமல் தப்பிக்கலாம். இந்தக் கட்டுரையில் ஊரில் புழங்கும் பெயரையே எழுதுகிறேன்.

டைவிங் செய்கிறவர்களுக்கு மருத்துவப் படிவம் ஒன்று உண்டு. அதை ஏழாவது படியில் சொல்கிறேன். அதைச் சென்னையிலேயே முடித்துவிட வேண்டும் என்பதை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்.

3. போகும்போது கப்பல், வரும்போது விமானம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகிறது. சுமார் 1,190 கிலோமீட்டர்; மூன்று நாள் எடுக்கும். "விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போகலாமே, ஏன் இந்தப் பாடு?" என்று எல்லோரும் கேட்பார்கள். திறந்த பெருங்கடலில் வாழும் பறவைகளைப் பார்க்கத் தனிப் படகு அமர்த்தினால் ஒரு நாளைக்கே பெரும் தொகை ஆகும். இங்கே வங்காள விரிகுடாவையே குறுக்காகக் கடக்கும் ஒரு கப்பலில், மேல்தளத்தில் நின்று, சாதாரணப் பயணச் சீட்டில் அதைச் செய்யலாம். நம் ஊரிலிருந்து இப்படி ஒரு வாய்ப்பு இருப்பது பறவை பார்ப்பவர்கள் பலருக்கே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

சீட்டு அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறையிடம்தான் வாங்க வேண்டும். அதற்குச் சென்னை ராஜாஜி சாலையில் அலுவலகம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு சில பயணங்களே இருக்கும். அட்டவணை வெகு முன்னதாக வெளியாகாது. வந்த பிறகும் வானிலை, பழுது என்று தேதி மாறலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் அலுவலகத்துக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வகுப்புகள்: பங்க் என்பது பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை. அது சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அதற்குமேல் கேபின்கள், உயர்ந்த வகுப்புக் கேபினுக்கு விமானக் கட்டணத்தை ஒட்டி ஆகிவிடும். தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், மற்றவர்களுக்கு வேறு கட்டணம். சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம். தனியாகப் போகிறவர் பகல் முழுக்க மேல்தளத்தில்தான் இருக்கப் போகிறார், அவருக்கு பங்க் போதும். குடும்பத்தோடு போனால், முக்கியமாக வயதானவர்கள் இருந்தால், கேபின் எடுங்கள். பொதுக் கழிப்பறைகள் மூன்றாம் நாள் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கப்பல் போய்ச் சேரும் நாளையே நம்பி அடுத்த நாள் காலை ஹேவ்லாக் படகுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நடுவில் இரண்டு நாள் இடம் விடுங்கள். இதனால்தான் போகும்போது கப்பல் என்கிறேன். வரும்போது கப்பலை வைத்தால் அலுவலகத்துக்குத் திரும்பும் தேதியைச் சொல்ல முடியாது. வரும் விமானத்தை மட்டும் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் கிடைக்கும்.

வாந்தி, தலைசுற்றலுக்கு மாத்திரை உண்டு. அவோமின் போன்றவற்றைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

4. மேல்தளத்தில் என்ன செய்வது

முதல் நாள் கரை மறைகிற வரை வெளியே இருங்கள். கரையை ஒட்டி ஆழம் குறைவாக இருக்கும் கடலடித் தளத்தைக் கண்டத்திட்டு என்பார்கள்; சென்னைக்கு அருகில் அது குறுகலானது. அது முடிந்ததும் கடல் சடாரென்று ஆழமாகும். நடுக்கடலில் ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டும். அடியில் ஆழம் மாறும் இடத்தில் நீர் கலங்கி மேலெழும், அங்கே இரை இருக்கும், பறவையும் இருக்கும். அதற்கப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே வராது. மனம் தளர வேண்டாம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பில் மூடியிட்டது போலப் பரந்து கிடக்கிறது. அடியில் இருக்கும் சத்துள்ள நீர் அதைத் தாண்டி எளிதில் மேலே வர முடிவதில்லை. அரபிக்கடலைவிட இங்கே உயிர்வளம் குறைவாக இருப்பதற்கு அது முக்கியக் காரணம். பறவையில்லாத அந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். ஒன்றும் இல்லை என்பதும் பயனுள்ள பதிவுதான்.

மூன்றாம் நாள் விடியற்காலை, தீவுகள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பறவைகள் கூடத் தொடங்கும். அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள்.

கையில் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் இருந்தால் போதும். பத்து மடங்கு பெரிதாக்குவதை வாங்காதீர்கள். ஆடும் தளத்தில் பறவை கண்ணாடிக்குள் நிற்கவே நிற்காது. புதிதாக வாங்குவதானால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி நல்லது கிடைக்கும்.

பெயர் தெரியவில்லை என்றால் பரவாயில்லை, பறக்கும் விதத்தைப் பாருங்கள். பிளந்த வாலோடு மெலிந்து, சிறகை மேலும் கீழும் அடித்துக்கொண்டு போனால் ஆலா. மற்றப் பறவையைத் துரத்தி அது பிடித்த மீனைப் பிடுங்கினால் ஸ்குவா. சிறகை விறைப்பாக வைத்து, அலையின் பள்ளத்துக்குள் இறங்கி மறைந்து மறைந்து எழுந்தால் ஷியர்வாட்டர். கைக்குள் அடங்குகிற அளவில், நீர்ப்பரப்பில் கால் படுகிற உயரத்தில் தத்திக்கொண்டே போனால் ஸ்டார்ம் பெட்ரல். வெள்ளை உடம்பில் நாடா போல நீண்ட வால் தொங்கினால் டிராபிக்பேர்ட். அதைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், அடிக்கடி வாய்க்காது.

பார்வையைத் தூரத்திலேயே வைத்திருக்காதீர்கள். கப்பல் மூக்கு நீரைக் கிழிக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கிருந்துதான் பறவைக் கோலா மீன்கள் சிதறிக் கிளம்பும். முதலில் வாலின் கீழ்ப்பகுதி மட்டும் நீரில் பட்டு நுரைக்கோடு ஒன்று வளைந்து வளைந்து போகும். பிறகு கோடு நின்றுவிடும், மீன் மட்டும் துடுப்புகளை விரித்துக் காற்றில் போய்க்கொண்டிருக்கும். வேகம் குறைந்ததும் மறுபடி வாலை நீரில் அடித்து எழும்பும். ஆலாக்கள் கப்பலோடு கூடவே வருவது சில நேரம் இதற்காகத்தான். ஓங்கல்களும் (டால்பின்கள்) கப்பல் மூக்கு எழுப்பும் அலையில் விளையாட வரும்.

பறவைகளைப் பதிய இ-பேர்ட் செயலியைப் பயன்படுத்துங்கள். சென்னையிலேயே இந்தியப் பறவைத் தொகுப்பைத் தரவிறக்கிவிடுங்கள், நடுக்கடலில் சிக்னல் கிடையாது. ஒரே பட்டியலாக நாள் முழுக்க ஓட்டாமல் மணிக்கு ஒரு புதுப் பட்டியல் தொடங்குங்கள். கப்பல் ஒரு மணி நேரத்தில் வெகுதூரம் போய்விடும். பட்டியல் நீண்டால் எந்த இடத்தில் எந்தப் பறவை என்பது தெரியாமல் போகும். ஜி.பி.எஸ்-க்கு சிக்னல் தேவையில்லை, அதை அணைக்காதீர்கள். பவர் பேங்க் ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள்.

5. போர்ட் பிளேரில் இரண்டு நாள்

இந்த இரண்டு நாளும் கப்பல் தாமதத்துக்கான ஒதுக்கீடு. கப்பல் நேரத்துக்கு வந்துவிட்டால் லாபம்.

ஒரு காலை சிப்பிகாட் போங்கள். ஆட்டோ போதும். ஊரில் தமிழர்கள் நிறைய, பேச்சுக்குக் கஷ்டமில்லை. 2004 சுனாமியின்போது நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தாழ்ந்துபோனது. சிப்பிகாட்டின் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றுவிட்டது. விவசாயிகளுக்கு அது பேரிழப்பு. அந்த நீர்நிலையில் இப்போது உள்ளான்களும் ஆலாக்களும் இறங்குகின்றன. இந்தத் தீவுகளுக்கே உரிய வாத்தான அந்தமான் கிளுவையையும் சாலையோரத்திலிருந்து பார்க்கலாம். காசு கிடையாது.

மறுநாள் ஜாலி பாய். இது வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்த குட்டித் தீவு. அங்கே அனுமதி இல்லாமல் போக முடியாது. அதை முந்தைய நாளே போர்ட் பிளேரில் வாங்கிவிடுவது நல்லது. வண்டூர் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினால் ஏமாற நேரிடும். திங்கள்கிழமை விடுமுறை. ஜாலி பாய் நவம்பரிலிருந்து மே வரை திறந்திருக்கும், மழைக்காலத்தில் அதற்குப் பதில் ரெட்ஸ்கின் தீவு. படகு காலையில் மட்டும். அனுமதி, படகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். வண்டூருக்கு வண்டி வாடகை தனி.

பிளாஸ்டிக்கைக் கண்டிப்பாக விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் துறையிலேயே சோதிப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலும் டப்பாவும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தீவில் கடை இல்லை, சாப்பாடும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

நீச்சல் தெரியாதவர்களுக்குக் கண்ணாடித் தளப் படகு இருக்கிறது. முகமூடி போட்டு மிதக்கத் தெரிந்தால் அதுவே மேல். பவளங்களில் ஒரு பகுதி வெளுத்தும் உடைந்தும் கிடக்கும். 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறியதில் அந்தமான் பவளங்கள் பெருமளவு அடிபட்டன. டூர் விளம்பரப் படங்களை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆனால் நீரில் தலையை அமிழ்த்திக் காதைக் கொடுங்கள். "கரக், கரக்" என்று சத்தம் கேட்கும். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம். பாசியைத் தின்ன, பவளத்தின் சுண்ணாம்பையும் சேர்த்துச் சுரண்டி, அரைத்து, மணலாக வெளியே விடுகின்றன. ஒரு மீனின் பின்னாலேயே கொஞ்ச நேரம் மிதந்தால் வெள்ளைப் புகை போல அந்த மணல் உதிர்வதையும் பார்த்துவிடலாம்.

வண்டூர்க் கரை உட்பட, எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் நீரில் இறங்காதீர்கள். உப்புநீர் முதலைகள் இங்கே உண்மையிலேயே இருக்கின்றன, ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அலையாத்திக் காடும் ஓடை முகத்துவாரமும் இருக்கும் இடம் எதுவானாலும், விடியலிலும் அந்தியிலும் நீரோரம் நிற்க வேண்டாம்.

6. நீல் தீவில் வற்றத்து நடை

படகு இரண்டு வகை. தனியார் படகுகள் வேகமானவை, ஏ.சி. உண்டு, இணையத்தில் பதியலாம்; ஆயிரத்துக்குமேல் இரண்டாயிரம் வரை. அரசுப் படகு மெதுவானது, மலிவு. சீட்டு ஃபீனிக்ஸ் பே துறையில் வரிசையில் நின்று வாங்க வேண்டி வரலாம். நான் அரசுப் படகைத்தான் சொல்வேன். தனியார் படகுகள் பலவற்றில் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார வைத்துவிடுவார்கள், வெளியே நிற்க விடமாட்டார்கள். அரசுப் படகில் திறந்த தளம் இருக்கும். ஆலாக்களையும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

நீலில் இயற்கைப் பாறைப் பாலம் இருக்கும் லக்ஷ்மண்பூர் கரைக்குப் போங்கள். வற்றம் உச்சத்துக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, நீரின் பின்னாலேயே நடந்து போக வேண்டும். கடல் திரும்ப ஏறத் தொடங்கியதும் நீங்களும் திரும்பிவிட வேண்டும். டூர் வண்டியில் வருகிறவர்கள் பாலத்தின் முன் படம் எடுத்துவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஒரு குட்டையின் ஓரத்தில் குந்தி உட்காருங்கள். உங்கள் நிழல் நீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் கல்லும் பாசியும்தான். அப்புறம் சங்குக்குள்ளிருந்து துறவி நண்டின் கண்கள் எட்டிப் பார்க்கும். கல்லிடுக்கிலிருந்து நூல் போல ஐந்து கைகள் நீண்டு நெளியும், அது நொறுங்கு நட்சத்திரம். கறுப்பாகக் குழாய் மாதிரிக் கிடப்பது கடல் அட்டை. அதன் வாய்ப்பக்கம் இருக்கும் சின்னக் கொத்து, மணலை அள்ளி அள்ளி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். பாறையில் பதிந்து கிடக்கும் ராட்சதச் சிப்பியின் உதடு நீலமும் பச்சையுமாக இருக்கும். நிழல் பட்டால் சட்டென்று சுருங்கும். இன்னும் பொறுமை இருந்தால் பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) கண்ணில் படும்.

எதையும் கையில் எடுக்காதீர்கள். இதை ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூம்புச் சங்கு அழகாக இருக்கும், அதன் கொட்டு ஆளையே கொல்லலாம். கல்மீன் கல் மாதிரியே கிடக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டையோடு கரையேறி ஓய்வெடுக்கும் கடல் பாம்புக்குக் கடும் விஷம். அது தானாக வந்து கடிப்பதில்லை, வழிவிட்டால் போய்விடும். கெட்டியான அடியுள்ள, பாதத்தை முழுதாக மூடும் செருப்பு அவசியம். ரப்பர் ஹவாய் போதாது. உயிருள்ள பவளத்தின்மேல் மிதிக்காமல், மணல் தெரியும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள்.

7. ஹேவ்லாக்கில் ஸ்கூபா: எதற்குப் பணம் கட்டுவது

இங்கேதான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். இரண்டு விதமாக விற்பார்கள்.

முதல் வகை, ஒருமுறை முழுகிப் பார்க்கும் அனுபவம். பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார், 12 மீட்டருக்குமேல் ஆழம் போகக் கூடாது. சுமார் நாலாயிரத்திலிருந்து ஆறேழாயிரம். "வீடியோ இலவசம்" என்பார்கள். அந்த நேரத்தில் பாதி கேமராவுக்குக் கையசைப்பதில் போய்விடும். அரை மணி நேரத்தில் வெளியே வந்து யோசித்தால் என்ன பார்த்தோம் என்பதே நினைவிருக்காது.

இரண்டாம் வகை, ஓப்பன் வாட்டர் படிப்பு. மூன்று நான்கு நாள். 25,000-லிருந்து 35,000 ரூபாய். சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும், பெரியவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். வயது குறைந்தது 10. தொகை பெரிதுதான். ஆனால் அனுபவ முழுக்கை இரண்டு மூன்று முறை செய்கிற காசில் பாதிப் படிப்பே வந்துவிடும். உயிர்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், நீரில் அசையாமல் மிதக்கக் கற்றாக வேண்டும். கை காலை உதறுகிறவரிடமிருந்து எல்லாம் ஓடிவிடும். அமைதியாக நிற்கிறவருக்குக் கடல் சாமந்தியின் (பூ போல விரியும் உயிரி) அடியில் கோமாளி மீன் முட்டையை விசிறிக்கொண்டிருப்பதும், விலாங்கு போன்ற அஞ்சாலை மீன் வாயைத் திறந்தபடி இருக்க அதன் பல்லைச் சிறு இறால் சுத்தம் செய்வதும் தெரியும். கையில் காசிருந்தால் யோசிக்காமல் படிப்பையே எடுங்கள். இல்லையென்றால் இந்த முறை முகமூடி போட்டு மிதப்பதோடு நிறுத்திவிட்டு அடுத்த முறைக்குச் சேர்த்து வையுங்கள். அனுபவ முழுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

படிப்புக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். அழகாக நீந்த வேண்டியதில்லை, நேரக் கணக்கும் இல்லை. சென்னையில் நீச்சல் குளத்துக்கு இரண்டு மாதம் போனாலே பலருக்கு வந்துவிடும்.

மருத்துவப் படிவத்தின் முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, சமீபத்திய அறுவை சிகிச்சை என்று கேட்கும். சிலவற்றுக்கு "ஆம்" என்றாலே மருத்துவர் கையெழுத்து இல்லாமல் முழுக விடமாட்டார்கள். பல மையங்கள் இந்தப் படிவத்தை முந்தைய நாள் மாலைதான் கொடுக்கும். ஹேவ்லாக்கில் அந்த நேரத்தில் மருத்துவரைப் பிடிப்பது கஷ்டம், கட்டிய பணமும் திரும்பாது. பதிவு செய்யும்போதே படிவத்தை அனுப்பச் சொல்லி, உங்களைத் தெரிந்த மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "இல்லை என்று டிக் போட்டுவிடுங்க சார், ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அந்த மையத்தை விட்டு வந்துவிடுங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. மேலே வரும்போது நுரையீரலில் சிக்கிய காற்று விரியும். ஆஸ்துமாவை மறைப்பது உயிரோடு விளையாடுவது.

பணம் கட்டும் முன் மையத்திடம் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்? படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா? பயிற்சியாளரின் உறுப்பினர் எண் என்ன? ஸ்கூபா சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு அவர் தகுதி நடப்பில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் "வாங்க, ஜானிஸ் கோர்ஜ் காட்டுகிறேன்" என்று ஆசை காட்டுவார்கள். அது 18 மீட்டரைத் தாண்டும் இடம், நீரோட்டமும் உண்டு. இப்போது வேண்டாம்.

சளி பிடித்திருந்தால் முழுகக் கூடாது. காது அடைத்து வலிக்கும். அதனால் படிப்புக்கு நான்கு நாள் என்றால் ஐந்து நாள் ஒதுக்குங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது, உங்களுக்கும் பவளத்துக்கும்.

8. நேரம் இருந்தால்: டிக்லிபூர் ஆமைகள்

வடக்கு அந்தமானில் டிக்லிபூருக்கு அருகே காளிப்பூர்க் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமையும் அங்கே ஏறியதுண்டு. வனத்துறையின் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. இரவு நடைக்கு அவர்களோடுதான் போக வேண்டும். டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது.

சாலையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்பகம். வண்டிகள் குறிப்பிட்ட நேரத்தில் வரிசையாகத்தான் அனுப்பப்படும், அடையாள விவரம் கொடுக்க வேண்டும். இறங்குவதும் படமெடுப்பதும் குற்றம். போக ஒரு நாள், வர ஒரு நாள், அங்கே இரண்டு நாள் என்று நான்கு நாள் இல்லாவிட்டால் இதை விட்டுவிடுங்கள்.

9. மொத்தச் செலவு

பதினான்கு நாளுக்கு, டிக்லிபூர் இல்லாமல், தனி ஆளுக்கு: கப்பலும் விமானமும் சேர்த்து 10,000 முதல் 14,000. தங்குமிடம் இரவுக்கு 1,500 கணக்கில் பத்து இரவு, 15,000. சாப்பாடு, ஆட்டோ, ஸ்கூட்டர் வாடகை 10,000. தீவுப் படகுகள் 3,000 முதல் 5,000. ஜாலி பாய் 2,000. ஸ்கூபா படிப்பு இல்லாமல் 46,000-க்குள் முடிக்கலாம். படிப்போடு 81,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேராகப் போனால் அறை வாடகை பாதியாகும். நீல், ஹேவ்லாக்கில் ஏ.டி.எம். குறைவு, இணையமும் மக்கர் பண்ணும். ரொக்கமாகப் பத்தாயிரமாவது கையில் இருக்கட்டும்.

10. திரும்பும் நாள்

கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் இருக்க வேண்டும். பல நாள் தொடர்ந்து முழுகியவர்கள் முழுதாக ஒரு நாள் விடுவது நல்லது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும். ஹேவ்லாக்கில் காலை முழுகிவிட்டு மாலை விமானம் பிடிப்பதாகத் திட்டம் போட்டுத் தரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பையில் பவளத் துண்டோ, கடல் குதிரையோ, கரையில் பொறுக்கிய சங்கோ இருக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் காக்கப்பட்டவை. செத்த துண்டும் அதில் அடக்கம். விமான நிலையத்தில் ஸ்கேனரில் பிடிப்பார்கள். கடையில் வாங்கும் சங்குப் பொருளுக்கு ரசீது கேளுங்கள், தரவில்லையென்றால் வாங்காதீர்கள். குழந்தைகளின் பைகளை நீங்களே ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள். அதில்தான் பெரும்பாலும் அகப்படும்.

அன்று நேரம் நிறைய இருக்கும். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் உட்கார்ந்து கப்பல் பட்டியல்களை இ-பேர்டில் ஏற்றுங்கள். மீன், நண்டு, நட்சத்திர மீன் படங்களை உயிரினங்களைப் பதியும் ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்லுவார்கள். படம் எடுத்த தேதியும் இடமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். நீருக்கடியில் எடுத்த கேமராவில் ஜி.பி.எஸ். இருக்காது, டைவ் குறிப்பேட்டைப் பார்த்து இடத்தைக் கையால்தான் குறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டால் எந்தப் படம் எந்தத் தீவு என்பது குழம்பிவிடும்.